குதிரைக்கும் முயலுக்கும் நாம் பட்ட கடன்

விழா மலர் என்பது நன்றி கூறும் மலர். கல்லூரிக்கு வித்திட்ட பெரியோர், காணி ஈந்த வள்ளல்கள், கட்டடம் எழுப்பிய கொடையாளர், நம்மை ஆளாக்கிய ஆசிரியர் ஆகியோர்க்கெல்லாம் இம்மலரின் ஏனைய பக்கங்களில் அன்பர் பலர் நன்றி செலுத்துவர். அப்பணியை என்னினுந் தக்கார் செய்வாராதலின், எந்த விழா மலரிலும் நன்றி பெறாத ஒரு கூட்டத்தைப் பற்றி எழுத நான் துணிந்தேன். அக்கூட்டத்தில் மனிதர் எவரும் இலர். ஆய்வுகூடங்களில் உயிர் நீத்த குதிரையும் முயலும் நாயும் பூனையுமே அதில் உள்ளன. நம் உடலிற் குருதி எத்துணை அமுக்கத்தோடு ஓடுகின்றது, அவ்வமுக்கம் மிகாமலும் குறையாமலும் நரம்புகள் அதனை எங்ஙனம் காக்கின்றன என்னும் பாடத்தை மனிதகுலத்துக்குக் கற்பித்த ஆசிரியர்கள் அவையே.

கொல்லாமையைத் தலையாய அறமென்று போற்றும் சைவச் சூழலில் வளர்ந்த நாம் இக்கடனை எவ்வாறு தீர்ப்பது என்பதே என் வினா. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த கொலையை நடவாததாக்க எவராலும் இயலாது. ஆயின், அதனாற் பெற்ற அறிவை வீணாக்காதிருக்க நம்மால் இயலும். நம் தீவுப்பகுதியில் அவ்வறிவு இன்றும் பெரிதும் வீணாகிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து. அதன் காரணத்தை விளக்குவதற்குச் சற்று வரலாறு கூற வேண்டும்.

நான் நெடுந்தீவிற் பிறந்தவன். அத்தீவின் பரந்த புல்வெளிகளிற் கட்டாக்காலிகளாய்த் திரியும் குதிரைகளைக் கண்டு வளர்ந்தவன். அந்நியர் ஆட்சியின் எச்சமாய் அங்கு நிலைத்துவிட்டவை அவை; ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் அத்தீவில் நிற்கின்றன. கோடையில் நீர் தேடி அலையும் அக்குதிரைகளுக்குப் பனையோலைப் பட்டையிற் கிணற்று நீர் மொண்டு வார்த்த சிறுவருள் நானும் ஒருவன். ஆகவே, குருதியமுக்கத்தின் வரலாறு ஒரு குதிரையிலிருந்து தொடங்குகிறது என்று பிற்காலத்திற் படித்தபோது அது எனக்கு வெறும் ஏட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் இங்கிலாந்தில் தெடிங்டன் என்னும் ஊரில் வாழ்ந்த கிறித்தவக் குருவானவர். விலங்கின் உடலிற் குருதி எவ்வளவு வலிமையோடு பாய்கின்றது என்று அளந்தறிய அவர் விரும்பினார். ஏறக்குறைய 14 வயதுள்ள ஒரு பெண்குதிரையை மல்லாத்திக் கட்டி, அதன் தொடையிலுள்ள நாடியைத் திறந்து, பித்தளைக் குழலொன்றைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். குருதி அக்குழாயில் இதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குல உயரம் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறியும் இறங்கியும் ஆடிற்று. இச்செய்தியை அவர் 1733 ஆம் ஆண்டிற் நூலாக வெளியிட்டார். மயக்கமருந்து அறியப்படாத காலம் அது. குதிரை விழித்திருந்தது. ஹேல்சின் அயலவரும் நண்பருமாகிய கவிஞர் அலெக்சாண்டர் போப், அவரது நற்குணத்தைப் போற்றியவராயினும், அவர் விலங்குகளுக்குச் செய்தவற்றை எண்ணி மனம் வருந்தினார். எனவே, இவ்வினாவை எழுப்பியவர் நாம் மட்டும் அல்லேம்; முதற் சோதனை நிகழ்ந்த அந்நாளிலேயே அதன் அறம் பற்றிய கேள்வியும் பிறந்துவிட்டது.

நீண்ட கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாக இரசம் நிரப்பிய சிறு குழாயைப் பிரான்சு நாட்டுப் புவாசேயி 1828 ஆம் ஆண்டிற் பயன்படுத்தினார். இன்று வைத்தியர் 120க்கு 80 என்று எழுதும்போது குறிப்பது இரசத்தின் மில்லிமீற்றர் அளவையே. 1896 இல் இத்தாலியரான ரிவா-றொச்சி கையிற் சுற்றும் காற்றுப் பட்டையை அமைத்தார்; 1905 இல் உருசிய வைத்தியர் கொரொட்கொவ் அப்பட்டையின் கீழ் நாடியில் எழும் ஒலியைக் கேட்டு அமுக்கத்தை அளக்கும் முறையைக் கண்டார். இன்று ஒரு துளி குருதியுஞ் சிந்தாமல் நம் அமுக்கத்தை அளந்துகொள்கிறோம். அந்த எளிமைக்குப் பின்னால் அந்தப் பெண்குதிரை கிடக்கின்றது.

அளந்தாயிற்று, அமுக்கத்தைக் காப்பது எது? கோயில் அன்னதானப் பந்தியில் நெடுநேரம் சம்மணமிட்டிருந்துவிட்டு எழுகின்றோம். எழுந்த கணத்தில் ஏறக்குறைய அரை இலீற்றர் குருதி கால்களையும் வயிற்றையும் நோக்கி இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. அவ்வாறாயின் மூளைக்குக் குருதி எட்டாமல் நாம் ஒவ்வொரு முறையும் மயங்கி வீழவேண்டும். இளையோர் வீழ்வதில்லை, முதியோர் சிலர் மட்டும் கண் இருண்டு தூணைப் பற்றிக்கொள்கின்றனர். வீழாமற் காப்பது எது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர் முன் நின்ற புதிர்.

புதிரின் முதல் முடிச்சை அவிழ்த்தது முயல். முயலின் கழுத்தில், வேகசு நரம்போடு சேராமல் தனியே ஓடும் மெல்லிய நரம்பொன்று உண்டு. 1866 ஆம் ஆண்டில் லைப்சிக் நகரிற் கார்ல் லுட்விக்கும் அவரிடம் பயின்ற சியொனும் அதனை வெட்டி, வெட்டிய முனைகளை மின்னாற் தூண்டினர். இதயத்தின் பக்கத்து முனையைத் தூண்டியபோது யாதும் நிகழவில்லை. மூளையின் பக்கத்து முனையைத் தூண்டியபோதோ குருதியமுக்கம் வீழ்ந்தது. இதயத் துடிப்பு மந்தமாயிற்று. ஆகவே, அந்நரம்பு மூளையின் கட்டளையை இதயத்துக்குக் கொண்டுசெல்வதன்று. உடலின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்வது. அது பெருநாடியின் வளைவிலிருந்து செய்தி எடுத்துச் செல்வதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. நம் எண்ணத்தை எதிர்பாராது நரம்புகள் தாமே நிகழ்த்தும் செயலைத் தெறிவினை என்கிறோம். குருதியமுக்கத்துக்கும் ஒரு தெறிவினை உண்டென்பதை உலகம் அந்த முயலிடமிருந்து கற்றது.

அடுத்த காவலிடம் கழுத்திற் கண்டறியப்பட்டது. தலைக்கு ஏறும் சிரசு நாடி இரண்டாகக் கிளைக்கும் இடத்திற் சிறு புடைப்பொன்று உண்டு. கழுத்தின் அவ்விடத்தை அழுத்தினால் இதயம் மந்தமாவதை வைத்தியர் முன்பே அறிந்திருந்தனர். அழுத்தம் வேகசு நரம்பின்மீது நேரே படுவதால் அவ்வாறாகிறதென்று கருதினர். அக்கருத்துத் தவறென்பதையும், நாடிச் சுவரிலுள்ள நரம்பு முனைகளே செய்தி அனுப்புகின்றன என்பதையும் 1920களில் கொலோன் நகரைச் சேர்ந்த ஹேரிங் நாய்களைக் கொண்டு நிறுவினார். அதே காலத்திற் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் கொர்னேல் ஹேமன்சும் அவர் தந்தையும் செய்த சோதனை கேட்போரை நடுங்கச் செய்வது. மயக்கமுற்ற ஒரு நாயின் தலை அதன் உடலோடு நரம்புகளால் மட்டும் இணைந்திருக்க, மற்றொரு நாயின் குருதியால் அத்தலை உயிர் தரித்தது. உடலின் நிலை மாறியபோது தலையிலுள்ள நரம்பு மையங்கள் அதனை உணர்ந்தன. குருதி வழிச் செய்தி செல்ல இடமில்லாமையால், செய்தி சென்றது நரம்பு வழியே என்பது ஐயத்துக்கிடமின்றி விளங்கிற்று. ஹேமன்சுக்கு 1938 ஆம் ஆண்டிற்குரிய நோபெற் பரிசு கிட்டியது. பரிசுரை மூச்சின் ஒழுங்கைப் பற்றியதாயினும், அவரது ஆராய்ச்சி குருதியமுக்கத்தின் ஒழுங்கையும் விளக்கியது.

இவற்றின் முடிபைச் சுருங்கக் கூறுகிறேன். பெருநாடியின் வளைவிலும் சிரசு நாடிகளிலும் அமுக்க வாங்கிகள் உள்ளன. அமுக்கம் மிகுந்து நாடிச் சுவர் விரியும்போது அவை மூளையின் அடிப்பகுதிக்கு அடுத்தடுத்துக் கணத்தாக்கங்களை அனுப்புகின்றன. மூளை வேகசு நரம்பால் இதயத்தை மந்தப்படுத்துகிறது, பரிவு நரம்புகளின் முறுக்கைத் தளர்த்திக் குருதிக்குழாய்களை விரிக்கிறது, அமுக்கம் தணிகிறது. அமுக்கம் குறைந்தால் வாங்கிகள் அடங்குகின்றன, இதயம் விரைகிறது, குழாய்கள் சுருங்குகின்றன, அமுக்கம் ஏறுகிறது. பந்தியிலிருந்து எழுந்தவர் வீழாதது இதனாலேயே. இத்தனையும் ஓரிரு துடிப்புக்களிலேயே தொடங்கிவிடுகிறது. வாங்கிகள் விரிவை உணர்வதற்குத் துணைநிற்கும் புரதங்கள் இரண்டு என்பதை 2018 ஆம் ஆண்டில் எலிகளிற் கண்டனர். அப்புரதங்களை முதலிற் கண்டறிந்த ஆடெம் பட்டபூட்டியன் 2021 இல் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் கடலிற் சங்கு குளிப்போரிடமும் இதற்கு உறவான தெறிவினையொன்றைக் காணலாம். மூச்சை அடக்கி முகம் நீரில் அமிழ்ந்ததும் இதயம் மந்தமாகிறது. கைகால்களின் குழாய்கள் சுருங்குகின்றன. இரண்டும் ஒருங்கே நிகழ்வதால் அமுக்கம் வீழ்ந்துவிடாமல், உள்ள குருதி மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. நம் முன்னோர் இதன் பயனைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தனர். அதன் காரணத்தை நோர்வே நாட்டினரான சோலாண்டர் 1940 ஆம் ஆண்டளவிற் கடல்நாய்களிடமிருந்து கற்றார்.

இவையெல்லாம் மேனாட்டார் செய்தவை, நமக்கும் அவற்றுக்கும் யாது தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. 1925 இற் பர்மாவிற் பிறந்து, இலக்னௌவில் மருத்துவம் பயின்ற அவுதார் சிங் பெயின்டல் என்னும் இந்தியர், எடின்பரோவில் விற்றரிச்சு என்பாரிடம் ஆராய்ச்சி பயின்றார். பூனையின் வேகசு நரம்பை இழை இழையாகப் பிரித்து, ஒற்றை நரம்பிழையில் ஓடும் செய்தியைக் கேட்பதில் அவர் வல்லவர். இதயத்தின் மேலறைகளில் இருவகை வாங்கிகள் உள்ளன, ஒன்று அறை சுருங்கும்போதும் மற்றொன்று அறை நிரம்பும்போதும் செய்தி அனுப்புகிறது என்று 1953 இல் வெளியிட்டார். குருதியின் அமுக்கத்தை மட்டுமன்றி அதன் நிறைவையும் நரம்புகள் அறிகின்றன என்பதற்கு அது வழிகாட்டிற்று. 1955 இல் நுரையீரலில் மற்றொரு வகை வாங்கியையும் அவர் கண்டார். தில்லியிலுள்ள வல்லபாய் பட்டேல் மார்புநோய் நிறுவனத்தைப் பல்லாண்டு நடத்தி, 1981 இற் பிரித்தானிய இராயற் சங்கத்தின் உறுப்பினராகி, 2004 இல் மறைந்தார்.

இன்னும் அண்மையில் வருவோம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த டாக்டர் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்த பெருந்தகை. உடற்றொழிலியலுக்குச் சுகரணம் என்று பெயரிட்டு, அமெரிக்கரான டால்ரனின் நூலை மனுஷ சுகரணம் என்னும் பெயரில் 1883 இல் தமிழாக்கித் தந்தார். அந்த டால்ரனோ உயிருள்ள விலங்குகளைக் கொண்டு மாணவர்க்கு விளக்கங் காட்டியவர். அம்முறையை வாதிட்டுக் காத்தவர். ஆகவே, இவ்வறிவு நம் மொழிக்குள் புகுந்து நூற்றாண்டொன்று கடந்துவிட்டது. அது தமிழில் வந்தபோதே அதன் கடனும் கூட வந்தது.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அம்மான் நெடுந்தீவிற் கமமும் வள்ளமும் வைத்திருந்தவர். வயிரம் பாய்ந்த உடம்பினர். ஏதோ ஒரு காயத்துக்கு மருந்து கட்டச் சென்றவிடத்தில் அவருக்குக் குருதியமுக்கம் மிகுதி என்று கண்டு குளிசை கொடுத்தனர். மூன்று மாதம் உட்கொண்டார், பின்னர் நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன். "தம்பி, தலையிடி இல்லை, நெஞ்சு நோ இல்லை, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, குளிசை எதற்கு?" என்றார். அப்போது நான் விஞ்ஞான ஆசிரியனாகப் பணியேற்றிருந்தேன். அவர் கூற்று நியாயமாகவே எனக்குத் தோன்றியது. வாய்மூடி இருந்துவிட்டேன். 1978 ஆம் ஆண்டு ஆடி மாதம், சோளகம் உரத்து வீசிய ஒரு விடியலில், அவரது வலப்பக்கம் செயலிழந்தது. பாரிசவாதம். கடல் தணியும்வரை காத்திருந்து, குறிகட்டுவானுக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து நகரத்துக்கு ஏற்றிச் சென்றோம். அதன்பின் ஒன்பது ஆண்டு வாழ்ந்தார். என் பெயரை மீண்டும் அவர் வாயாற் கேட்கவில்லை.

அவர் வினாவுக்குரிய விடை நான் வாய்மூடி இருந்த அந்நாளுக்கு இருபதாண்டுகளுக்கு மேல் முற்பட்டே அச்சேறியிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். 1956 ஆம் ஆண்டு, அமெரிக்காவிற் கிளீவ்லாந்து நகரில், மக்கபின், கிறீன், பேஜ் என்னும் மூவர், சிறுநீரகக் கோளாற்றால் நெடுங்காலம் குருதியமுக்கம் மிகுந்திருந்த நாய்களின் கழுத்து நரம்பை ஆராய்ந்தனர். அமுக்கம் அத்துணை மிகுந்திருந்தும் அமுக்க வாங்கிகள் ஓயாது முறையிடவில்லை. மிகுந்த அமுக்கத்தையே இயல்பானதாக ஏற்று, தம் அளவுகோலை அதற்கேற்ப உயர்த்தி வைத்துக்கொண்டிருந்தன. துறைமுகத்துக் காவலன் ஒருவன், கள்ளத் தோணிகள் நாள்தோறும் வந்துபோவதைக் கண்டு பழகி, அதுவே துறையின் வழக்கமென்று எண்ணி மணியடிப்பதை விட்டுவிட்டாற் போன்றது இது. ஊரைக் காக்கும் துறை என்று பெயர் தாங்கிய ஊர்காவற்றுறையை உடைய நம் தீவாருக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

1973 ஆம் ஆண்டிற் கவ்லி, லியார், கைற்றன் என்போர் நாய்களிற் செய்த மற்றொரு சோதனை இதனை நிறைவு செய்கிறது. அமுக்க வாங்கிகளின் நரம்புகளை அகற்றியபின், நாய்களின் அமுக்கம் நாள் முழுதும் பெரிதும் ஏறியும் இறங்கியும் தடுமாறிற்று; ஆயின், அதன் சராசரியோ பெரிதும் மாறவில்லை. இதிலிருந்து அவர்கள் கொண்ட முடிபு யாது? இத்தெறிவினை கணத்துக்குக் கணம் அமுக்கத்தைச் சீராக்கும் காவல். ஆண்டுக்கணக்கில் அதனை நிலைநிறுத்துவது அதன் வேலையன்று. நெடுங்கால அளவைப் பெரும்பாலும் வகுப்பது சிறுநீரகமும் அது காக்கும் உப்பும் நீருமே. அவ்விரண்டாம் முடிபின் அளவு குறித்து ஆராய்ச்சியாளரிடையே வாதம் உண்டு; முதல் முடிபு உறுதியாக நிற்கிறது.

இவ்விரு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் என் அம்மானுக்குரிய விடை கிடைக்கிறது. "அம்மான், உங்களுக்கு வருத்தம் தெரியாதது வருத்தம் இல்லாமையால் அன்று. உங்கள் காவற்காரர் பழகிப்போய்விட்டனர். கருவியால் அளந்தாலன்றி உண்மை தெரியாது. குளிசையை விடவேண்டாம்." இந்நான்கு வாக்கியங்களைச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இவற்றை நமக்குச் சொல்லித் தருவதற்காகக் கிளீவ்லாந்தில் நாய்கள் இறந்தன. அவை சொன்னதை நான் கற்கவில்லை. கடன் என்று நான் கூறுவது இதனையே.

கொல்லாமை பற்றி இருவகை எளிய விடைகள் உலவுகின்றன. உயிர்வதை பாவம், ஆகவே இவ்வாராய்ச்சி முழுதும் வேண்டாம் என்பது ஒன்று. மனிதன் நலத்துக்காக எதுவுஞ் செய்யலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. நாங்கள் மாணவராயிருந்தபோது, விலங்கியல் ஆய்வுகூடத்தில் தேரையை அறுக்க மறுத்து வெளியேறிய தோழர் ஒருவர் இருந்தார். அன்று நாங்கள் அவரை நகைத்தோம். இன்று எண்ணும்போது, எங்களுள் அறம் பற்றிச் சிந்தித்தவர் அவர் ஒருவரே என்று தோன்றுகிறது. ஆயினும், அவரும் இன்று காலைதோறும் குருதியமுக்கக் குளிசை உட்கொள்கிறார். உட்கொள்ளத்தான் வேண்டும். அக்குளிசை விலங்குகளிற் சோதிக்கப்பட்டே மனிதர் கைக்கு வந்தது. குளிசையை விழுங்கிவிட்டு, என் கை தூயது என்று கூறுதல் எவர்க்கும் இயலாது.

நம் நாட்டு மூலிகையைக் கொண்டால் இக்குற்றம் இல்லையே என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. சர்ப்பகந்தியின் வேர் குருதியமுக்கத்தைத் தணிப்பதை 1931 இற் சென், போஸ் என்னும் இந்திய வைத்தியர் இருவர் எழுதினர். 1933 இல் சொப்ராவும் அவர் துணைவரும் அதன் செயலை விலங்குகளிலேயே ஆராய்ந்தனர். 1949 இற் பம்பாய் வைத்தியர் உருஸ்தம் வக்கீல் நோயாளரிற் கண்ட பயனைப் பிரித்தானிய இதழில் வெளியிட்ட பின்னரே உலகம் அதனைக் கவனித்தது. 1952 இற் பிரித்தெடுக்கப்பட்ட அதன் சத்து, பரிவு நரம்பு முனைகளிற் சேமித்து வைக்கப்பட்ட இரசாயனப் பொருளை வெறுமையாக்கி அமுக்கத்தைத் தணிக்கிறது என்பதை அறியவும் விலங்குகளே தேவைப்பட்டன. மூலிகை நம்முடையதாயினும் கடன் அதே கடன்தான்.

விலங்கிற் கண்டது அனைத்தும் மனிதனுக்குப் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. நான்கு காலில் நிற்கும் நாயின் உடலுக்கும் இரு காலில் நிமிர்ந்து நிற்கும் நம் உடலுக்கும் வேறுபாடு உண்டு. பயனற்ற சோதனைகளும், முன்பே அறிந்ததை மீண்டும் அறியச் செய்த சோதனைகளும் பல நிகழ்ந்தன என்பதையும் மறுக்கமாட்டேன். அதனாலேயே கட்டுப்பாடு வேண்டும். பிரித்தானியா 1876 இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. 1959 இல் ரசல், பேர்ச் என்னும் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்குப் பதிலாக வேறு வழி உண்டாயின் அதனைக் கொள்க, இல்லையாயின் விலங்கின் தொகையைக் குறைக்க, அதனிலும் துன்பத்தைத் தணிக்க. இந்தியா 1960 இல் இயற்றிய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் ஆய்வுகூட விலங்குகளுக்கெனத் தனிக் குழு அமைக்க இடம் வைத்தது. வள்ளுவர் கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த மொழியில் வாழும் நாம், இந்நெறிகளை மேனாட்டுச் சரக்கென்று ஒதுக்காமல் நம்முடையனவாகவே ஏற்றல் தகும். முயலின் நரம்பை வெட்டாமலே லைப்சிக் சோதனையைத் திரையிலும் கணினியிலும் மாணவர்க்குக் காட்ட இன்று முடியும். அறிந்ததைக் கற்பிக்க ஓர் உயிரைப் போக்குதல் இனி வேண்டியதில்லை. அறியாததை அறிய வேண்டுமிடத்து மட்டும், வேறு வழியில்லையென்று உறுதி செய்தபின், துன்பமின்றி, அளவோடு செய்க. இதுவே என் நிலை.

ஆனால் சட்டமும் நெறியும் இனி வரும் விலங்குகளுக்கு உரியவை. போன விலங்குகளுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றே; அவை தந்த அறிவைப் பயன்படுத்துவது. உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் 128 கோடிப் பேர் உயர் குருதியமுக்கம் உடையர்; அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு அந்நோய் உண்டென்பதையே அறியார். என் அம்மானைப் போன்றோர் 50 கோடிக்கு மேற்பட்டோர் இன்றும் உலகில் உளர் என்பது இதன் பொருள். நம் தீவுகளிலும் அவர்கள் இருப்பர். கருவாட்டையும் ஊறுகாயையும் நாம் விரும்பி உண்பவர். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்பது அந்நிறுவனத்தின் அறிவுரை. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் அரசினர் வைத்தியசாலைகள் உள்ளன; அமுக்கத்தை அளந்துகொள்ளக் கட்டணம் இல்லை. இல்லாதது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும் என்னும் எண்ணமே. வருத்தம் தெரிந்தாற் பார்ப்போம் என்று அனைவரும் காத்திருக்கின்றனர். வருத்தம் தெரியாதென்பதே இந்நோயின் இயல்பென்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

அதனைச் சொல்வது நம் சங்கத்தின் கடமையாகட்டும். ஆதலின் பழைய மாணவ நண்பர்காள், இவ்விழா ஆண்டில் மூன்று காரியங்களைச் செய்யுமாறு வேண்டுகிறேன். முதலாவது, நம் சங்கம் காற்றுப் பட்டைக் கருவிகள் சிலவற்றை வாங்கி, மருத்துவம் பயின்ற பழைய மாணவரின் துணையோடு, நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் அடியார்க்கும், ஏனைய காலங்களில் தீவுதோறும், அமுக்கத்தை அளந்து கூறுவதற்கு ஒழுங்கு செய்க. 140க்கு 90 என்னும் அளவை எட்டியவரை வைத்தியரிடம் ஆற்றுப்படுத்துக. இரண்டாவது, விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள், தெறிவினை என்னும் பாடத்தைக் கற்பிக்கும்போது பழகிப்போன காவற்காரனின் கதையையும் சேர்த்துக் கற்பிக்க. மாணவன் அதனை வீட்டுக்குக் கொண்டுசென்று தன் பாட்டனாருக்கும் அம்மானுக்கும் சொல்லட்டும். மூன்றாவது, கல்லூரி ஆய்வுகூடத்தின் சுவரில், கொடையாளர் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில், இவ்வறிவைத் தந்த விலங்குகளையும் நினைவுகூரும் ஒரு சிறு பலகையை வைக்க. பெயர் பொறிக்க வேண்டியதில்லை. குதிரை, முயல், நாய், பூனை, எலி, தேரை என்று எழுதினாற் போதும்.

இவற்றால் கடன் தீர்ந்துவிடும் என்று நான் கூறவில்லை. உயிருக்கு ஈடு உயிரன்றி வேறில்லை. ஆயினும், கடன்பட்டவர் தாம் கடன்பட்டிருப்பதை அறிந்திருத்தலே நேர்மையின் முதற்படி. அடுத்த முறை வைத்தியர் உங்கள் கையிற் பட்டையைச் சுற்றிக் காற்றை நிரப்பும்போது, எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே என்று கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். கூறப்படும் இரு எண்களையும் கேட்டு, எழுதி வைத்து, கூறியபடி நடவுங்கள். அதனாற் பாரிசவாதம் ஒன்று தடுக்கப்படுமாயின், நெடுந்தீவிலிருந்து சோளகக் கடலில் ஒருவரைக் கிடத்திக் கொண்டுவரும் பயணம் ஒன்று குறையும். தெடிங்டனில் மாண்ட அப்பெண்குதிரைக்கு நம்மாற் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.

கல்லூரி நீடு வாழ்க. அதன் மாணவர் நோயற்று வாழ்க.